எந்தக் கட்டடத்தில் என் கட்டில்?

கொழும்பு ஹில்டன், ஹில்டன் நிறுவனத்துக்குச் சொந்தமானதல்ல. கோட்டையில் 1987இல் திறந்த அந்த ஹோட்டல், அரச திறைசேரியின் கையில் உள்ள ஒரு கம்பனிக்கு உரியது. நடத்துவது மட்டும் ஹில்டன். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பலர் நம்ப மாட்டார்கள். "வாசலில பேர் போட்டிருக்கே" என்பார்கள். வெளிநாடு போகும்போது பேர் பெற்ற நிறுவனத்தின் ஹோட்டலாகவும் இருக்கவேண்டும், பழைய காலத்துக் கட்டடமாகவும் இருக்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்த வாசல் பேரைத்தான்.

கேள்வியைக் கொண்டுவந்தவர் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட்ஸில் கீழ்மாடியில் இருக்கும் அன்ரி. ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய தகப்பனார் மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். யாழ்ப்பாணத்தில் 'மலாயன் பென்சனியர்' என்றால் ஒரு காலத்தில் எல்லோருக்கும் விளங்கும். இஞ்சி போட்ட பிளேன்ரீயை என் முன்னால் வைத்துவிட்டு அன்ரி கேட்டார்:

"தம்பி, அப்பா வேலை செய்த இடத்தைப் பாக்கோணும். ஒரு ரெண்டு நாளாவது அந்தக் காலத்து ஹோட்டலில தங்கோணும். ஆனா தெரியாத ஊரில ஏமாறக் கூடாது. பெரிய கொம்பனிப் பேரும் இருக்கோணும். ரெண்டும் ஒண்டாக் கிடைக்குமே?"

கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று நாங்கள்தான் பார்க்கவேண்டும். விளம்பரம் அதைச் சொல்லித் தராது.

காலி வீதியில் ஓடும் 101 இலக்கத் தனியார் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பஸ் ஒருவருடையது. ஓட்டுவதும் காசு வாங்குவதும் வேறு ஆட்கள். முன்கண்ணாடியில் உள்ள 101 என்ற இலக்கம் இவர்கள் எவருடையதும் அல்ல. ஆனால் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கைகாட்டுகிறோம், மொறட்டுவைக்குப் போகும் என்று நம்பி ஏறுகிறோம். சர்வதேச ஹோட்டல்களில் பெரும்பாலானவை இப்படித்தான். கட்டடம் ஒரு முதலீட்டாளருடையது, சில வேளை ஓர் அரசாங்கத்தினுடையது. நடத்துவது ஒப்பந்தக்காரர். மரியட், ஹில்டன், அக்கோர் என்ற பேர், அந்தப் பேருக்குரிய கட்டணத்தைச் செலுத்தியும் அவர்களுடைய விதிகளை ஏற்றும் வாங்கிக்கொண்டது.

அந்தப் பேர் உங்களுக்குத் தருபவை சிறியவை அல்ல. நடு இரவில் போனாலும் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பார். பதிவு தவறிப்போனால் முறையிட ஓர் இடம் இருக்கும். துவாயும் படுக்கை விரிப்பும் குறைந்தபட்ச ஒழுங்கில் இருக்கும். வயதானவர்கள் தனியே போகும் பயணத்தில் இவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் பேரால் ஒரு கட்டடத்துக்கு வயதைக் கொடுக்க முடியாது.

சிங்கப்பூரில் இருக்கும் ராஃபிள்ஸ் நல்ல உதாரணம். ஆர்மேனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887இல் 10 அறைகளோடு தொடங்கிய ஹோட்டல் அது. பினாங்கில் 1885இல் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டலைத் தொடங்கியவர்களும், யங்கூனில் 1901இல் ஸ்ட்ராண்டைத் திறந்தவர்களும் அதே குடும்பத்தார். இன்று ராஃபிள்ஸ் என்பது அக்கோர் குழுமத்தின் கீழ் பல நாடுகளில் உள்ள ஒரு பேர். டுபாயில் உள்ள ராஃபிள்ஸ் இந்த நூற்றாண்டில் கட்டிய பிரமிட் வடிவக் கட்டடம். லண்டனில் 2023இல் திறந்த ராஃபிள்ஸோ 1906இல் கட்டி முடித்த பழைய யுத்த அமைச்சுக் கட்டடத்துக்குள் இருக்கிறது. பேர் ஒன்று, அதன் பின்னால் மூன்று வெவ்வேறு வயதுகள். லண்டன் கட்டடத்தின் வரலாறு மெய்யானது, ஆனால் அது ஹோட்டலின் வரலாறு அல்ல. ஓர் அரச அலுவலகத்தின் வரலாறு. அப்படியிருப்பதில் குறையொன்றும் இல்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

இன்னொரு வகை, கடந்த 15 ஆண்டுகளாகப் பெருகி வருவது. பழைய ஹோட்டல் தன் சொந்தப் பேரோடும் தன் கோலத்தோடும் இருக்கும்; பெரிய குழுமம் முற்பதிவு, உறுப்பினர் புள்ளிகள், விற்பனை ஆகியவற்றை மட்டும் சேர்த்துக் கொடுக்கும். மரியட்டின் ஒட்டோகிராஃப் கலெக்ஷன், ஹில்டனின் கியூரியோ, அக்கோரின் எம்கலரி எல்லாம் இந்த இனம். ஒரே மாதிரி விரிப்பு, ஒரே மாதிரிச் சித்திரம், ஒரே மாதிரி முட்டைப்பொரியல் என்று சங்கிலி ஹோட்டல்களில் சலித்துப்போனவர்களுக்கு இந்த வகை ஏற்றது. அன்ரிக்கு நான் சொன்ன ஹோட்டலும் இந்த வகைதான்.

கோலாலம்பூரில் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே மஜெஸ்ரிக் என்றொரு ஹோட்டல் இருக்கிறது. 1932இல் திறந்தது. தன் காலத்தில் அந்த நகரத்தின் பெரிய மனிதர்கள் கூடிய இடம். பிறகு தளர்ந்து, அரசு அதைப் பொறுப்பேற்று, 1984 முதல் 1998 வரை மலேசியாவின் தேசியக் கலைக்கூடமாக இருந்தது. வை.ரி.எல். குழுமம் திருத்தியெடுத்து 2012இல் மீண்டும் ஹோட்டலாகத் திறந்தது. இப்போது நீங்கள் மரியட்டின் தளத்தில் பதிவு செய்யலாம்; மரியட்டின் புள்ளிகள் சேரும்; ஆனால் அங்கே இருப்பவர்கள் வை.ரி.எல். ஆட்கள்.

எதிரே உள்ள ரயில் நிலையம் 1910இல் எழுந்தது; ஆர்தர் பெனிசன் ஹபக் வரைந்த, வளைவுகளும் சிறு கோபுரங்களும் கொண்ட கட்டடம். பக்கத்தில் மலாயா ரயில்வேயின் தலைமையகம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் அந்த ரயில்வேயில் உழைத்தார்கள். நடந்து போகக்கூடிய தூரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கே ஸ்கொட் வீதியில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் நூறு ஆண்டு கடந்து நிற்கிறது. ஆகவே அந்த ஹோட்டலில் தங்குவது அன்ரிக்கு வெறும் ஆடம்பரமில்லை. தகப்பனார் ஒவ்வொரு நாளும் கடந்துபோன வீதி அது. உள்ளே போய் அமரும் வசதி அந்தக் காலத்தில் ஒரு குமாஸ்தாவுக்கு இருந்திருக்காது. மகள் போய் அமரட்டும்.

இனித்தான் முக்கியமான இடம். அந்த ஹோட்டலில் ஏறத்தாழ 300 அறைகள். 1932ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இருப்பவை 47 மட்டும். மற்றவை எல்லாம் பக்கத்தில் புதிதாக எழுப்பிய உயர்ந்த கட்டடத்தில். இணையத்தில் படம் பார்ப்பீர்கள்: வெள்ளை முகப்பு, தூண்கள், மின்விசிறி சுழலும் தேநீர்க்கூடம். விலை கட்டுப்படியாகத் தோன்றும். பதிவு செய்வீர்கள். போனால் பளபளப்பான புதிய மாடியில் ஒரு நல்ல, சுத்தமான, எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய அறை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அறையின் வகைப் பேரில் எந்தப் பகுதி என்று எழுதியே இருக்கும். நாங்கள் படத்தைப் பார்த்து அந்த வரியை வாசிக்காமல் விடுகிறோம்.

பழைய பேர்பெற்ற ஹோட்டல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே பதிவு செய்யுங்கள். பம்பாய் தாஜ் 1903இல் திறந்த அரண்மனைப் பகுதியும் 1973இல் கட்டிய கோபுரப் பகுதியும் சேர்ந்தது. 2008 தாக்குதலில் பெரிதும் எரிந்தது அரண்மனைப் பகுதி. அதைத் திருத்தி 2010 ஓகஸ்ட் 15இல் முழுமையாகத் திறந்தார்கள். இரண்டு பகுதிக்கும் கட்டணம் வேறு, அனுபவம் முற்றிலும் வேறு.

ஏன் இப்படிப் புதுப்பகுதி கட்டவேண்டும் என்று அன்ரி கேட்டார். நியாயமான கேள்வி. லண்டன் சென்ற் பான்கிராஸ் இதற்கு விடை சொல்லும். ரயில் நிலையத்தின் முகப்பில் கில்பேர்ட் ஸ்கொட் வரைந்து 1873இல் திறந்த மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல் அது. செங்கல்லில் எழுப்பிய கோட்டை என்றே சொல்லலாம். அன்றைக்கு அறையோடு சேர்ந்த குளியலறை வழக்கமில்லை. பணியாட்கள் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அழுக்கு நீரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காலம் மாறியதும் ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். தடித்த சுவர், தடித்த தளம். குழாய் கொண்டுபோவது பெரும்பாடு. பணியாட்களின் கூலியும் ஏறியது. 1935இல் மூடிவிட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் அலுவலகமாகவும் வெறுமையாகவும் கிடந்தது. இடிக்கவிருந்த கட்டடத்தை, அதைக் காப்பாற்றப் போராடியவர்களின் முயற்சியால் 1967இல் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். 2011இல் மரியட் குழுமத்தின் கீழ் மீண்டும் ஹோட்டலானது. 245 அறைகளில் பழைய கட்டடத்துக்குள் இருப்பவை 38. மற்றவை பின்புறம் புதிதாகக் கட்டியவை. பழைய சுவருக்குள் இன்றைய குளியலறை, லிஃப்ட், தீத்தடுப்புப் படிக்கட்டு எல்லாவற்றையும் நுழைப்பதற்கு ஆகும் செலவை அந்த 38 அறைகள் மட்டும் தாங்காது. புதுப்பகுதி அறைகள் உழைத்துத்தான் பழைய படிக்கட்டை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அந்த வகையில் புதுப்பகுதிமீது எனக்கு மரியாதை உண்டு.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பின்னி வீதியில் உள்ள தாஜ் கொன்னிமரா, 1886 முதல் 1890 வரை மதராஸ் ஆளுநராக இருந்த கொன்னிமரா பிரபுவின் பேரைத் தாங்கியது. 1930களில் அதன் முகம் மாறியது. 1970களில் அதை மீண்டும் திருத்தி வடிவமைத்தவர் எங்கள் கொழும்புக்காரரான ஜெஃப்ரி பாவா. கோயிலுக்கும் கலியாணச் சேலைக்கும் சென்னை போகும் எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ரி.நகரில் தங்கிவிட்டுத் திரும்புகிறோம். அங்கே ஒரு நேரச் சாப்பாட்டுக்காவது போய், முற்றத்தையும் நீரையும் அவர் எப்படிக் கையாண்டார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவும் பறந்துபோய்ப் பார்க்கமுன் எங்கள் ஊரிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். காலி வீதியில் நின்று 100இலோ 101இலோ ஏறினால் ஒரு பக்கம் காலிமுகத்திடல், மறுபக்கம் கல்கிசை. கோல்ஃபேஸ் ஹோட்டல் 1864இல் தொடங்கியது. இன்றைய தோற்றத்தின் பெரும்பகுதி 1894இல் எட்வர்ட் ஸ்கின்னர் வரைந்தது. எந்தச் சர்வதேசச் சங்கிலியின் பேரும் அதன் வாசலில் இல்லை. கேரளத்திலிருந்து வந்து 1942இல் வேலைக்குச் சேர்ந்த சாத்துக் குட்டன் என்ற வாசற்காவலர், 2014இல் தொண்ணூறு கடந்து இறக்கும்வரை அந்த ஹோட்டலின் முகமாக இருந்தார். அப்படியொரு மனிதரை எந்தக் குழுமத்தின் கையேடும் உருவாக்காது. திடலின் மறுபுறத்தில் தாஜ் சமுத்ரா 1980களில் எழுந்த கட்டடம்; ஆனால் அதன் வளவுக்குள் பிரிட்டிஷ் காலத்துக் கொழும்பு கிளப்பின் கட்டடம் விழா மண்டபமாக நிற்கிறது. பழைய துண்டு ஒன்றை வளவுக்குள் வைத்திருக்கும் புதிய ஹோட்டல் எப்படியிருக்கும் என்பதை அங்கே போய்ப் பார்த்தால் விளங்கிவிடும்.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு இன்னும் கிட்ட. கோட்டையில் துறைமுக வாசலோடு நிற்கும் கிராண்ட் ஓரியன்டல், 1837இல் படையினர் தங்குமிடமாகக் கட்டியது, 1875இல் ஹோட்டலானது. கப்பலில் வந்தவர்கள் இறங்கி நேரே நடந்து உள்ளே போனார்கள். 1890 நவம்பரில் சகலின் தீவிலிருந்து திரும்பிய அன்ரன் செக்கோவ் கொழும்பில் இறங்கியபோது தங்கிய இடம் என்று அந்த ஹோட்டல் இன்றும் சொல்லிக்கொள்கிறது. உடைமை இலங்கை வங்கியின் வசம். இடையில் தப்ரபேன் என்று பேர் மாற்றி, பிறகு பழைய பேருக்கே திரும்பினார்கள். பேர் போய் வந்தது, கட்டடம் அசையவில்லை. மேல்மாடிச் சாப்பாட்டறை யன்னலில் துறைமுகம் முழுவதும் தெரியும். ஐந்து நட்சத்திர வசதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வரலாறு உள்ள கட்டடம் எவ்வளவு பராமரிப்பைக் கேட்கும் என்பதை நேரே காண்பதற்குப் போங்கள். சங்கிலிப் பேர் எதைச் சேர்க்கிறது என்பது அங்கே இருந்து பார்க்கும்போது துலக்கமாகத் தெரியும்.

கல்கிசை ஹோட்டலில் இன்னொரு பாடம் உண்டு. ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் அங்கே வீடு கட்டத் தொடங்கினார் என்பது வரலாறு. அவரும் லொவினா என்ற நடனப் பெண்ணும் சுரங்கப்பாதை வழியாகச் சந்தித்தார்கள் என்பது, ஹோட்டல் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. இரண்டையும் கேட்கலாம், இரண்டும் சுவையானவை. ஆனால் வெளிநாட்டில் ஒரு ஹோட்டல் தன் வரலாறு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தால், அதில் ஆண்டும் கட்டடக் கலைஞரின் பேரும் அரச பட்டியலில் உள்ள இடமும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இளவரசர்களும் காதலும் பேய்களும் மட்டும் இருந்தால் கொஞ்சம் பொறுத்து முடிவெடுங்கள். பிரித்தானியா, சிங்கப்பூர், கனடா எல்லாவற்றிலும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியாவில் சுற்றுலா அமைச்சு ஒரு ஹோட்டலைப் பாரம்பரிய ஹோட்டல் என்று வகைப்படுத்த, அதன் தளப்பரப்பில் குறைந்தது 50% 1950க்கு முன் கட்டியதாக இருக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. எனக்கு அந்த விதி பிடிக்கும். அலங்காரத்தை விட்டுவிட்டுச் சுவரை அளக்கிறது.

வரலாறு என்று சொல்லும்போது யாருடைய வரலாறு என்ற கேள்வியையும் நான் விடமாட்டேன். கந்தப்பளையில் ஏற்றிக்கன் ஸ்பென்ஸ் நிறுவனம், கைவிடப்பட்டிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக மாற்றியது. இயந்திரங்களையும் மரத் தளத்தையும் காப்பாற்றி மிக அழகாகச் செய்திருக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொண்டுவந்தவர்கள் மலையகத் தமிழர்கள். அங்கே தங்குகிறவர்கள் தேயிலையின் கதையோடு, லயன் அறைகளில் வாழ்ந்தவர்களின் கதையையும் கேட்டறிய வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் வீதிகளின் தங்குமிடங்களுக்கும் வரலாறு இருக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் வைத்தியத்துக்கும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2007 யூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜுகளில் இருந்த 300க்கு மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த லொட்ஜுகளின் வாசலில் பித்தளைப் பலகை எதுவும் இல்லை. ஓர் அறையில் தங்கும் உரிமை எவ்வளவு பெரியது என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ஹோட்டல்களின் கூடத்தில் அமரும்போது, இங்கே ஒரு காலத்தில் யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை என்று நான் கேட்பது அதனால்தான்.

அன்ரியின் தேநீர் ஆறிவிட்டது. இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஹோட்டலுக்கு நேரே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். என் அறை எந்த ஆண்டுக் கட்டடத்தில் இருக்கிறது, அந்த மாடிக்கு லிஃப்ட் போகுமா, குளியலறையில் தொட்டி மட்டும்தானா அல்லது நின்று குளிக்கும் இடம் தனியாக உண்டா, யன்னல் எதைப் பார்த்திருக்கிறது என்ற நான்கையும் கேளுங்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு உயரமான பழைய குளியல் தொட்டி உண்மையான ஆபத்து. லிஃப்ட் இருந்தாலும் பழைய கட்டடத்தில் அதிலிருந்து இறங்கியபின் நாலு படி ஏறவேண்டி வரலாம். நல்ல ஹோட்டல் இரண்டொரு நாளில் தெளிவாகப் பதில் போடும். மழுப்பலான பதில் வந்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். வந்த பதிலை அச்சிட்டுக் கையில் கொண்டுபோங்கள். வேறு பகுதியில் அறை தந்தால் காட்டலாம்.

பதிவைக் குழுமத்தின் தளத்திலோ ஹோட்டலிலோ நேரே செய்வதுதான் இந்த வகைப் பயணத்துக்குப் பொருத்தம். இடைத்தரகர் தளங்களில் சில வேளை விலை குறையும். ஆனால் அறையை மாற்றித்தரக் கேட்டால் ஹோட்டல் தரகரைக் காட்டும், தரகர் ஹோட்டலைக் காட்டுவார். உறுப்பினர் புள்ளிகளும் பெரும்பாலும் சேராது. குழுமத்தில் உறுப்பினராகக் காசு இல்லை, ஆகவே பதிவுக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.

விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்கும் நாடுகளுக்குப் போகிற எங்கள் கடவுச்சீட்டுக்காரர், இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய கட்டணத்தையே தெரிவுசெய்ய வேண்டும், அது கொஞ்சம் கூடினாலும். விசா மறுத்தால் ஹோட்டல் காசும் சேர்ந்து போகக்கூடாது. ரத்துச் செய்யக்கூடிய கடைசித் திகதி அந்த நாட்டு நேரப்படி என்பதையும் மறக்கவேண்டாம்.

காட்டும் விலையும் கட்டும் விலையும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 9% வரியும் சேரும். 100 டொலர் என்று கண்டது 119 டொலர் 90 சதமாகும். மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக உண்டு. இந்தக் கணக்கைப் போட்டபின் இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடுங்கள்.

எல்லா இரவும் பழைய ஹோட்டலில் தங்கவும் தேவையில்லை. ரொறன்ரோவுக்குப் போகிறவர்கள் ஸ்காபரோவில் பிள்ளை வீட்டில்தான் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். ஆனால் யூனியன் நிலையத்துக்கு எதிரே 1929இல் கனேடியன் பசிபிக் ரயில்வே கட்டிய ஃபெயார்மொண்ட் றோயல் யோர்க்கில் ஓர் இரவு தங்கலாம். திறந்தபோது பிரித்தானியப் பேரரசிலேயே மிக உயரமான கட்டடம் அது. அங்கே பழையது, புதியது என்று பிரித்துப் பார்க்கும் வேலையும் குறைவு. கட்டடமே ஹோட்டலாகப் பிறந்தது. ஒட்டாவாவுக்குப் போனால் 1912இன் ஷாட்டோ லோரியே. அதைக் கட்டுவித்த ரயில்வேத் தலைவர் சார்ள்ஸ் ஹேஸ், டைட்டானிக்கில் மூழ்கி இறந்ததால் திறப்பு விழாவையே தள்ளிவைத்தார்கள். இந்த ரயில்வே ஹோட்டல்களின் கம்பனி 1999இல் ஃபெயார்மொண்ட் என்ற அமெரிக்கப் பேரை வாங்கித் தனக்குச் சூட்டிக்கொண்டது. 2016இல் எல்லாமாக அக்கோர் குழுமத்துக்குள் போயின. ஆகவே அங்கே ஃபெயார்மொண்ட் என்ற பேர் கட்டடத்தைவிட மிக இளையது.

சிங்கப்பூரில் ராஃபிள்ஸின் அறைக் கட்டணம் அன்ரி போன்ற பென்சன்காரருக்கு நியாயமானதல்ல என்றே சொன்னேன். பிற்பகல் தேநீருக்கு மேசை பதிந்து, உடுத்திப் படுத்திப் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, ஆற்றோரத்து ஃபுல்லர்ட்டனுக்கு நடக்கலாம். 1928இல் பொதுத் தபால் நிலையத்துக்காகக் கட்டி 2001இல் ஹோட்டலான கட்டடம். அதன் கூடத்தில் சுற்றிப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை.

காசைக் கோலாலம்பூருக்கு ஒதுக்கலாம். பழைய பகுதியில் இரண்டு இரவு, மற்ற நாட்களுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் சாதாரண விடுதி. கொழும்பிலிருந்து நள்ளிரவு விமானத்தில் போனால் காலையில் இறங்கிவிடுவீர்கள். விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரலுக்குக் கொண்டுவந்து விடும். அறை பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும், ஆனால் பெட்டிகளைக் காலையிலேயே ஒப்படைக்கலாம். ஒப்படைத்துவிட்டு, வெயில் ஏறமுன் எதிரே உள்ள ரயில் நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள், அன்ரி. பிறகு ஸ்கொட் வீதிக் கோயிலுக்குப் போகலாம். மதியப் பூசைக்குப் பின் நடை சாத்தும் நேரத்தை மட்டும் முதல்நாளே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.